"உனக்கு அவர் என்ன முறை?": இரவு நேரத் தொகுப்பாளர் ஒருவரின் சாவும் ஊருக்கு விளங்காத துக்கமும்

திருகோணமலையில் ஒரு சாவுச் செய்தி வந்தால் முதல் கேள்வி "ஆர் மோசம் போனது?" என்பது. அடுத்த கேள்வி "உங்களுக்கு என்ன முறை?" என்பது. மற்ற எல்லாம் அந்த இரண்டாவது கேள்வியின் பதிலில்தான் தங்கியிருக்கிறது. யாருக்குத் துடக்கு, யார் கொள்ளி வைப்பது, யார் எட்டுச் செலவு (எட்டாம் நாள் சடங்கு) வரை நின்று வேலை பார்ப்பது, யார் வந்து முகம் காட்டிவிட்டுப் போனால் போதும் என்பதெல்லாம் முறையை வைத்தே முடிவாகும்.

இப்போது இன்னொரு வகைச் சாவுச் செய்தியும் வீட்டுக்குள் வருகிறது. அமெரிக்காவில் பல வருடம் இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய ஒருவர் காலமானார் என்று போனில் பார்த்துவிட்டு, உவர்மலையிலோ பாலையூற்றிலோ ஒரு பிள்ளை சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போகிறது. வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவருடைய படம், கீழே ‘கண்ணீர் அஞ்சலி’. அம்மம்மா கேட்கிறார்: "உனக்கு அவர் என்ன முறை?" பிள்ளையிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபடியால் அந்தத் துக்கமே வெறும் நடிப்பு என்று வீட்டில் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

அந்த முடிவு பிழை. ஏன் பிழை என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

லேட் நைட் ஷோ என்பது என்ன

நம்முடைய தமிழ் அலைவரிசைகளில் இரவு பத்து மணிக்கு மேல் நாடகமோ செய்தியோ மறு ஒளிபரப்போதான் போகும். அதனால் அமெரிக்காவில் ‘லேட் நைட் ஷோ’ என்று சொல்லப்படும் பொருள் இங்கே பலருக்குப் பழக்கமில்லை.

அதன் அமைப்பு எளிமையானது. இரவு 11 மணிக்கு அந்தந்த ஊர்ச் செய்தி. அது முடிந்ததும் 11.30 அளவில் நிகழ்ச்சி தொடங்கும். திரைக்கு முன்னால் ஒருவர் வந்து நின்று, அன்றைய நாட்டு நடப்பை வைத்துச் சில நிமிடம் பகிடியாகப் பேசுவார். பிறகு ஒரு மேசைக்குப் பின்னால் போய் இருப்பார். பக்கத்துக் கதிரையில் விருந்தினர். ஓரத்தில் ஒரு வாத்தியக் குழு. கிழமையில் நாலைந்து நாள், வருடக்கணக்காக, இதே ஒழுங்கு.

என்பிசி அலைவரிசையின் ‘டுநைட் ஷோ’ 1954 செப்டெம்பரில் ஸ்டீவ் அலனோடு தொடங்கியது. 1957 முதல் 1962 வரை ஜெக் பார் நடத்தினார். அவருக்குப் பின் வந்தவர் ஜொனி கார்சன். 1962 ஒக்டோபர் 1ஆம் திகதி பொறுப்பெடுத்து 1992 மே 22ஆம் திகதி விடைபெற்றார். கிட்டத்தட்ட முப்பது வருடம். கென்னடி முதல் மூத்த புஷ் வரை ஏழு ஜனாதிபதிகள் வெள்ளை மாளிகையில் மாறினார்கள், மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் மாறவில்லை. அவர் தொடங்கிய மாதத்தில் பிறந்த குழந்தை, அவர் முடிக்கும்போது தன் குழந்தையை நித்திரையாக்கிவிட்டு வந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த நிகழ்ச்சிகளின் ‘இரவு’ செய்யப்பட்ட இரவு என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பின்னேரம் ஒளிப்பதிவு செய்து, இரவில் ஒளிபரப்புவார்கள். மேசைக்குப் பின்னால் தெரியும் நகரத்து விளக்குகள் அரங்கத்தின் பின்புறச் சோடனை. நியூயோர்க்கில் இரவு 11.30 என்றால் திருகோணமலையில் மறுநாள் காலை பத்து மணி. அவர்களுடைய கோடை காலத்தில் ஒன்பது மணி. ஆனால் இங்கே அதைக் காலையில் யாரும் பார்ப்பதில்லை. யூடியூபில் வந்த துண்டை எடுத்து வைத்திருந்து, வேலை எல்லாம் முடிந்து, நுளம்பு வலைக்குள் படுத்தபிறகு, போனை நெஞ்சில் வைத்துச் சத்தத்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள். பின்னேரம் எடுத்த படம், காலையில் வந்து சேர்ந்து, மறுபடி இரவாகிறது. நிகழ்ச்சிக்கு இரவு எவ்வளவு தேவையோ, பார்ப்பவருக்கும் அவ்வளவு தேவை. காரணம் கீழே வருகிறது.

முகம் தெரியாதவர் வீட்டு மனிதர் ஆகும் விதம்

1956இல் டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருபவர்களோடு நேயர்களுக்கு உண்டாகும் நெருக்கத்துக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் அதை ‘ஒருவழி உறவு’ என்று சொல்லலாம். நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. ஆனாலும் அந்தப் பழக்கம் ஒரு சிநேகிதம்போலவே வளர்கிறது. அவர்கள் எடுத்துப் பார்த்த ஆட்களில் ஸ்டீவ் அலனும் ஒருவர். அதாவது, ‘டுநைட் ஷோ’ தொடங்கி இரண்டு வருடத்துக்குள்ளேயே, இந்த உறவு எப்படி உண்டாகிறது என்ற கேள்வியும் வந்துவிட்டது.

அந்த நெருக்கம் தானாக வருவதில்லை. அதற்குச் சில வேலைப்பாடுகள் உண்டு.

1. நேரே பார்த்துப் பேசுவது. நாடக நடிகர் கமராவைப் பார்க்கக் கூடாது. தொகுப்பாளர் பார்த்தே ஆக வேண்டும். அவருடைய கண் நம் கண்ணில் நிற்கிறது. "நீங்கள்" என்று சொல்லும்போது அந்த ‘நீங்கள்’ நாம்தான்.

2. சொந்தப் பெயரில் வருவது. நடிகர் இன்று பொலிஸ்காரர், நாளை கள்ளன். தொகுப்பாளர் எப்போதும் அவரேதான். ஒரு பகிடி எடுபடாமல் போனால் அதையும் அங்கேயே ஏற்றுக்கொண்டு சமாளிப்பார். கார்சன் அதற்குப் பேர்போனவர். செத்த பகிடிக்குப் பிறகு அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கவே சனம் காத்திருந்தது. பிழைவிடும் ஆளைத்தான் நாம் நம்புகிறோம்.

3. ஒரே நேரம். வீட்டில் சேர்ந்து இருப்பவர்களைத் தவிர, வாழ்க்கையில் யார் நம்மை நாள் தவறாமல் ஒரே நேரத்தில் சந்திக்கிறார்கள்? பால்காரர், பாண்காரர், கோயில் ஐயர். அந்த வரிசையில் இவரும் வந்து சேர்கிறார்.

4. இரவு. நால்வரில் இதுதான் பெரிய ஆள். பகலில் ஆயிரம் சோலி. இரவு பதினொன்றுக்கு மேல் முழித்திருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள்: நித்திரை வராதவர், நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர், ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்தவர், கைக்குழந்தையைத் தோளில் போட்டு நடப்பவர், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்குக் காத்திருப்பவர், தனித்துப்போனவர். எல்லாரும் படுத்தபிறகு முழித்திருக்கும் ஒருவருக்கு, இன்னொரு ஆளும் முழித்திருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல். அதற்குமேல் அவர் சிரிக்கவும் வைத்தால் அந்த வீட்டில் அவருக்கு ஒரு கதிரை நிரந்தரமாகிவிடும்.

அம்மம்மாவின் காலத்துக் குரல்கள்

இதையெல்லாம் வெள்ளைக்காரரின் பழக்கம் என்று ஒதுக்க முடியாது. நம்மிடமும் இருந்தது. தொலைக்காட்சிக்குப் பதிலாக வானொலி, அவ்வளவுதான் வித்தியாசம்.

1950களில் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் மயில்வாகனனின் குரல் பாக்கு நீரிணைக்கு இரண்டு பக்கமும் வீட்டுக் குரலாக இருந்தது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, இரவில் ‘இரவின் மடியில்’ என்று நாளே நிகழ்ச்சிகளால் அளக்கப்பட்டது. பிறகு பிபிசி தமிழோசை. அந்தப் பெயரை வைத்தவரே நம் நாட்டவரான சோ. சிவபாதசுந்தரம். இரவு 9.15க்கு அது வரும்.

யுத்த காலத்தில் திருகோணமலையில் 9.15 எப்படி இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். வெளியே ஊரடங்கு. படலை பூட்டியாகிவிட்டது. லாம்பின் திரியை இறக்கி, யன்னலைச் சாத்தி, ரேடியோவை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார் தாத்தா. சத்தம் ரோட்டுக்குக் கேட்கக் கூடாது, ஆனால் அறையில் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும். சிற்றலை அலைபோலவே வரும், போகும். குரல் மங்கும்போது எல்லாருடைய தலையும் ஒரே நேரத்தில் ரேடியோவுக்குக் கிட்டப் போகும். தெளிந்தவுடன் நிமிரும். பற்றரிக்குத் தடை இருந்த யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். இவ்வளவுக்கும் திருகோணமலையிலேயே ஜெர்மன் நாட்டு டொய்ச்ச வெல்ல வானொலியின் பெரிய மறு ஒலிபரப்பு நிலையம் இருந்தது. இங்கிருந்து ஆசியா முழுக்கக் குரல் போனது.

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது. அன்று எந்த வீட்டிலும் பிரேதம் கிடக்கவில்லை. ஆனால் 9.15க்கு ரேடியோவை எடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்த முதியவருக்கு அது சாவா இல்லையா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்த்து "என்ன முறை" என்று கேட்கும் தலைமுறைக்கு, இந்த முறை ஏற்கெனவே தெரியும். அதற்குப் பெயர்தான் இருக்கவில்லை.

அந்தத் துக்கத்தில் என்னென்ன இருக்கிறது

இஸ்ரேலிய ஆய்வாளர் ஜொனத்தன் கோயன் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தங்களுக்குப் பிடித்த தொலைக்காட்சிப் பாத்திரம் இனி வராது என்றால் எப்படி இருக்கும் என்று நேயர்களிடம் கேட்டார். அந்தப் பாத்திரத்தோடு நெருக்கம் கூடக்கூட வருத்தமும் கூடியது. இன்னொன்றும் தெரிந்தது. நிஜ உறவுகளில் ‘விட்டுப் போய்விடுவார்களோ’ என்று பதறும் சுபாவம் உள்ளவர்களே இதிலும் அதிகம் வருந்தினார்கள். அதாவது, நிஜ உறவுக்கு ஒரு மனம், திரை உறவுக்கு வேறொரு மனம் என்று நாம் வைத்துக்கொண்டு பிறக்கவில்லை. இருப்பது ஒரே மனம்தான்.

துக்கத்துக்கு ஐந்து படி என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதைப் பற்றியும் ஒரு சொல். எலிசபெத் கியூப்ளர் ரொஸ் 1969இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளைப் பார்த்து. பறிகொடுத்தவர்கள் படிப்படியாக ஏறி இறங்க வேண்டிய ஏணியாக அது பின்னாளில் பரவியது. ஆகவே "இப்ப நீ மூன்றாம் படியில் நிற்கிறாய்" என்று யாருக்கும் சொல்ல வேண்டாம்.

ஒரு தொகுப்பாளர் இறந்தால் நேயருக்கு உண்மையில் எவை இல்லாமல் போகின்றன என்று பிரித்துப் பார்ப்பது அதைவிடப் பிரயோசனமானது.

1. ஒரு நேரம் போகிறது. 11.30 என்பது வெறும் 11.30 ஆகிவிடுகிறது. கை பழக்கத்தில் போனை எடுக்கும், எடுத்தபிறகுதான் நினைவு வரும். வீட்டில் ஒருவர் இறந்தபிறகும் அவருக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றிவிடும் கையும் இதே கைதான்.

2. நம்முடைய ஒரு காலம் போகிறது. உயர்தரப் பரீட்சைக்கு முழித்துப் படித்த இரவுகள், முதல் வேலை, முதல் குழந்தை. அந்த இரவுகளில் எல்லாம் ஓரத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் போனபோது அந்தக் காலத்தின் சாட்சி ஒருவர் போய்விட்டார்.

3. கூட இருந்து பார்த்தவர் மறுபடி போகிறார். என் கணிப்பில் மூன்றிலும் இதுதான் ஆழமானது, இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா ஒவ்வொரு துண்டையும் அனுப்பி "இதைப் பார்" என்று சொல்லியிருப்பார். அப்பாவுக்கு ஆங்கிலம் முழுக்க விளங்காவிட்டாலும், பிள்ளை சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருப்பார். அந்த அப்பா பிறகு காலமாகியிருப்பார். செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பதிலும் பந்தலுக்குக் காசு கணக்குப் பார்ப்பதிலும் அன்றைய அழுகையைத் தள்ளிவைத்த பிள்ளை, நாலு வருடம் கழித்து எங்கோ ஒரு தொகுப்பாளர் செத்ததற்கு விம்மி விம்மி அழும். யாருக்காக அழுகிறது என்று அதற்கே அந்த நேரம் தெரியாது. இந்த அழுகையைப் பார்த்து "விசரோ" என்று கேட்பவர், இரண்டு சாவையும் சேர்த்து மூடச் சொல்கிறார்.

"இங்கே செத்தவர்களுக்கு மேலா?"

திருகோணமலையில் இந்த எதிர்க்கேள்வி வராமல் இருக்காது, வரவும் வேண்டும். கார்சன் இறந்த திகதியை வைத்தே அதைப் பார்க்கலாம்.

அவர் இறந்தது 2005 ஜனவரி 23. வயது 79. புகைத்தலோடு தொடர்புள்ள நுரையீரல் நோய். அதற்கு நாலு கிழமைக்கு முன்னர், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஞாயிறு காலை, கடல் நம் கரைக்குள் வந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று இந்த மாவட்டத்தின் கரை முழுக்க அடிபட்டது. கணக்குப்படி 31ஆம் நாள், அதாவது அந்தியேட்டி நாள், ஜனவரி 25. அமெரிக்கச் செய்திகளில் ஒரு பகிடிக்காரருக்காக நாடே கண் கலங்கிய அந்த இரண்டு நாளில், இங்கே அகதி முகாமில் இருந்தபடி, படம்கூட மிஞ்சாத பிள்ளைக்கு 31 செய்ய அரிசி தேடிக்கொண்டிருந்தார்கள். முஸ்லிம் ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்குக்கூட உடல் கிடைக்காத குடும்பங்கள் இருந்தன.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நெஞ்சு சுருங்கும். சுருங்கத்தான் வேண்டும். இவை சமமான இழப்புகள் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். ஆனால் ‘சமம் இல்லை’ என்பதும் ‘பொய்’ என்பதும் ஒன்றல்ல. துக்கம் ஒரே பானையில் இருக்கும் சோறு இல்லை, ஒருவர் கரண்டி போட்டால் மற்றவருக்குக் குறைந்துபோக. பேரழிவைக் கண்ட ஊரில் சின்ன துக்கங்களுக்கு வாய்விட இடமில்லாமல் போவது இயல்பு. இயல்பாக இருந்தாலும், அப்படி வாயடைத்த துக்கம் பிறகு வேறு எங்காவது வெடிக்கிறது. மேலே மூன்றாவது புள்ளியில் சொன்ன பிள்ளை அதற்கு உதாரணம்.

முறை இல்லாத துக்கத்துக்கு என்ன நடக்கும்

கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் ஒரு கருத்தை விரிவாக எழுதினார். சமூகம் ஏற்றுக்கொள்ளாத, வெளியே சொல்ல முடியாத, யாரும் வந்து ஆறுதல் சொல்லாத துக்கம் என்று ஒன்று உண்டு. அதை ‘உரிமை மறுக்கப்பட்ட துக்கம்’ எனலாம். மறைத்து வைத்த காதலனின் சாவு, விவாகரத்தான துணையின் சாவு, கருவிலே கலைந்த பிள்ளை, வளர்த்த நாய். தொகுப்பாளருக்கான துக்கமும் இந்த வகையில் சேரும்.

உரிமை மறுக்கப்பட்டால் எது இல்லாமல் போகிறது என்பதை, நம்முடைய சடங்குகள் என்ன வேலை செய்கின்றன என்று பார்த்தால்தான் விளங்கும். வானொலியில் வாசிக்கும் மரண அறிவித்தல், இறந்தவர் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என்று முழு முறையையும் ஊருக்குச் சொல்லும். ரோட்டில் கட்டும் வெள்ளைக் கொடி, இந்த ஒழுங்கையால் போகிறவரை மெதுவாகப் போகச் சொல்லும். எட்டு வரை சமையல் அயலவர் பொறுப்பு. 31க்குக் கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் போகும் குடும்பங்கள் உண்டு. இராவணன் தன் தாய்க்குக் கடன் கழிக்க உண்டானவை என்று ஐதீகம் சொல்லும் ஏழு கிணறுகள் அவை. ஏழிலும் வெப்பம் ஒரே அளவில் இருக்காது. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றும்போது சூட்டுக்கு உடம்பு ஒருதரம் திடுக்கிடும். அந்தத் திடுக்கிடலோடு ஏதோ ஒன்று முடிந்தது என்று உடம்புக்குத் தெரியும். அப்புறம் இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் புத்தகம், ஆண்டுத் திவசம். முஸ்லிம் வீடுகளில் உறவினருக்கு மூன்று நாள், கணவனை இழந்த மனைவிக்கு நாலு மாதமும் பத்து நாளும் என்று மார்க்கம் அளவு வைத்திருக்கிறது.

எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று: துக்கத்துக்குத் தொடக்கமும் முடிவும் வைத்துக் கொடுக்கிறார்கள், தனியே விடுவதில்லை. முறை இல்லாதவருக்கு இதில் ஒன்றுமே கிடைக்காது. அவர் போனும் கையுமாகத் தனியே இருக்கிறார்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் இந்த ஊர் அறியும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார். அவர்களுக்கு முறை உண்டு, பெற்ற தாய் என்ற முறைக்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் சாவுச் செய்தி இல்லை, உடல் இல்லை, திகதி இல்லை. போலின் பொஸ் என்ற அறிஞர் இதைத் ‘தெளிவில்லாத இழப்பு’ என்ற பொருளில் விளக்கினார். ஒரு பக்கம் செய்தி இருந்தும் முறை இல்லாதவர், மறுபக்கம் முறை இருந்தும் செய்தி இல்லாதவர். வலியின் அளவில் இவர்களுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆனால் சடங்கின் வாசலில் இருவருமே வெளியே நிறுத்தப்படுகிறார்கள். வருடக்கணக்காகப் படத்தை ஏந்தி ரோட்டில் நிற்கும் தாயைக் கண்ட ஊருக்கு, சடங்கு கிடைக்காத துக்கம் என்ன செய்யும் என்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இதனால் வருபவை

முதலில், செய்தியைச் சரிபார்ப்பது. அறிவிப்பாளர்களும் நடிகர்களும் உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போடுவது இப்போது அடிக்கடி நடக்கிறது. குடும்பமோ அவர் வேலை செய்த நிறுவனமோ உறுதி செய்யும் வரை பகிர வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளை அதைப் பார்க்கும் நிமிடத்தை நினைத்தால் போதும்.

இரண்டாவது, ஆள் இறக்காமலே வரும் இழப்பு. சிபிஎஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் தன் இரவு நிகழ்ச்சியான ‘லேட் ஷோ’வை 2026 மே மாதத்தோடு முடிப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தது. அதன் தொகுப்பாளர் ஸ்டீபன் கோல்பெயர் நலமாகத்தான் இருந்தார், ஆனாலும் பலர் செத்தவீட்டுச் செய்திபோலவே அதை வாங்கிக்கொண்டார்கள். தமிழோசை நின்றபோது நமக்கு நடந்ததும் இதுதான்.

மூன்றாவது, மிச்சம் இருப்பவை. 1996இல் டெனிஸ் கிளாஸ் முதலிய மூன்று ஆய்வாளர்கள் ஒரு நூலில் பழைய எண்ணம் ஒன்றை மறுத்தார்கள். இறந்தவரை ‘விட்டுவிடுவது’தான் துக்கத்தின் முடிவு என்பதில்லை, உறவு வேறு உருவில் தொடரலாம் என்றார்கள். திவசம் கொடுக்கும் நமக்கு இது புதிதில்லை. தொகுப்பாளரோடு தொடர்வதற்கு ஒளிநாடா வேண்டும். கார்சனின் முதல் பத்து வருட நிகழ்ச்சிகளில் பெரும்பகுதியை என்பிசி அழித்துவிட்டது. நாடா விலை கூட, அதன் மேலேயே மறுபடி பதிவார்கள். மிஞ்சிய பிற்கால நாடாக்களைக் கன்சஸ் மாநிலத்தில் நிலத்துக்கு அடியில் உள்ள உப்புச் சுரங்கத்தில் வைத்துப் பாதுகாத்தார்கள், அங்கே ஈரம் குறைவு. நம்முடைய வானொலிக் குரல்களில் எத்தனையோ காற்றோடு போய்விட்டன. வீட்டில் பழைய கசெட்டில் யாராவது பதிந்து வைத்திருந்தால், பூஞ்சணம் பிடிக்குமுன் டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நாலாவது, செயற்கை நுண்ணறிவு. இறந்தவரின் குரலை இப்போது மறுபடி செய்யலாம். 2024 ஜனவரியில் இரண்டு விதமாகவும் நடந்தது. அமெரிக்க நகைச்சுவையாளர் ஜோர்ஜ் கார்லின் 2008இல் இறந்தவர். அவர் குரலைப் போலச் செய்து, குடும்பத்தைக் கேட்காமல் ஒரு நிகழ்ச்சியை வெளியிட்டார்கள். மகள் வெளிப்படையாக எதிர்த்தார், வழக்குப் போட்டபின் அது அகற்றப்பட்டது. அதே மாதம் ஏ. ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஒரு பாட்டில் பயன்படுத்தினார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய பணமும் கொடுத்ததாகச் சொன்னார். நேயரின் ஒருவழி உறவு எவ்வளவு உண்மையாக இருந்தாலும், இறந்தவரின் குரலுக்கு உரித்துள்ளவர்கள் முறை உள்ளவர்கள்தான். இந்த இடத்தில் அம்மம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி.

வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால்? "அவர் என்ன பகிடி சொல்லுவார், ஒன்றைப் போட்டுக் காட்டு" என்று பக்கத்தில் போய் இருக்கலாம். விளங்காவிட்டாலும் பரவாயில்லை. கிழமைகள் கடந்தும் நித்திரையும் சாப்பாடும் திரும்பாவிட்டால் அது தொகுப்பாளரைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. அப்போது வைத்தியரிடம் கதைக்க வேண்டும்.

எட்டு நாள் கழித்து

கார்சனின் கடைசி நிகழ்ச்சியில் விருந்தினர் இல்லை. ஒரு ஸ்டூலில் தனியே இருந்து நன்றி சொல்லி, நல்லிரவு சொல்லிப் போனார். அதன்பின் திரைப்பக்கம் அநேகமாக வரவே இல்லை. இறந்தபிறகும் பொதுவான அஞ்சலிக் கூட்டம் இல்லை என்று குடும்பம் அறிவித்தது. நேயர்களுக்குப் போய் நிற்க ஒரு முற்றம்கூட இல்லை.

இன்னொரு இரவு நேரத் தொகுப்பாளரான டேவிட் லெட்டர்மன், கார்சனைத் தன் ஆசானாக மதித்தவர். ஓய்வுக்குப் பிறகு கார்சன் வீட்டில் இருந்தபடி பகிடிகள் எழுதி அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நிகழ்ச்சியை விட்டவருக்குப் பகிடி எழுதும் பழக்கம் விடவில்லை. 2005 ஜனவரி 31ஆம் திகதி, சாவுக்கு எட்டு நாள் கழித்து, லெட்டர்மன் தன் அரங்கில் வந்து நின்று வழக்கம்போலப் பேசினார். சனம் சிரித்தது. பேசி முடித்து மேசைக்குப் போய் இருந்தபிறகுதான் சொன்னார், இன்றைக்கு நான் சொன்ன பகிடிகள் எல்லாம் ஜொனி எழுதியவை என்று. கார்சனின் பழைய வாத்தியக்காரர்கள் வந்து அவருக்குப் பிடித்த பாட்டை வாசித்தார்கள்.

நம் ஊரில் எட்டுச் செலவுக்கு, செத்தவர் விரும்பிச் சாப்பிட்டவற்றைச் சமைத்து வாழையிலையில் படைப்பார்கள். படைத்தபிறகு, வந்திருப்பவர்கள் எல்லாரும் அதில் சாப்பிடுவார்கள்.